வெள்ளவத்தை அனெக்ஸ் அட்வான்ஸ்: சட்டத்தரணி இல்லாமல் நானே வழக்குப் போடலாமா?

கணக்கு ரீச்சர்

வீட்டு அட்வான்ஸில் 290,000 ரூபாயை வீட்டுக்காரர் தர மறுக்கிறார். சட்டத்தரணி வைக்காமல் வழக்குப் போட வழி இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இரண்டு வருடம் அனெக்ஸ் (வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி) எடுத்து இருந்தோம். மாத வாடகை 65,000. ஆறு மாத அட்வான்ஸ் 390,000. அதில் மூன்று இலட்சத்தை வங்கியில் போட்டேன். மிகுதி 90,000 கையில் கொடுத்தேன். கையில் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஒப்பந்தத்தைத் தரகர் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து கொண்டுவந்தார். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். நொத்தாரிசிடம் யாரும் போகவில்லை.

ஜனவரி முடிவில், ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, மின்சாரம், தண்ணீர் எல்லாம் கட்டி முடித்துச் சாவியை ஒப்படைத்தேன். அன்று ஒரு இலட்சம் தந்தார். மிகுதியைப் "பெயின்ட் அடித்து முடிந்ததும் தருகிறேன்" என்று வட்ஸ்அப்பில் எழுதினார். பிறகு ஒரு பட்டியல் வந்தது: பெயின்ட் 120,000, தரை ஓடு 45,000, கீசர் 60,000, சமையலறை அலுமாரிக் கதவு 35,000, துப்புரவு 25,000. ஆக மொத்தம் 290,000, கணக்குச் சரி என்று எழுதியிருந்தார். நான் பாடசாலையில் கணக்கீடு படிப்பிக்கிறவள். கூட்டிப் பார்த்தால் 285,000 தான் வருகிறது. அவருடைய கணக்குப்படியே எனக்கு ஐயாயிரம் தர வேண்டும்!

அந்தத் தரை ஓட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்சாதனப்பெட்டி வைக்கும் மூலையில் குறுக்கே ஒரு வெடிப்பு. நாங்கள் குடிவந்த அன்றே சாமான் இறக்கிய பையன் அதைக் காட்டினான். "இப்படித்தான் வீடு தந்திருக்கிறார்கள்" என்று கனடாவில் இருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பினேன். திகதியோடு அது தொலைபேசியில் இன்னும் இருக்கிறது.

ஒரு சட்டத்தரணியிடம் போனேன். முதலில் 60,000, பிறகு ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் தனியாக என்றார். கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாத பணத்துக்கு அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை. சிறு தொகைகளுக்கென்று தனி நீதிமன்றம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எங்கே? பொலிஸில் முறைப்பாடு செய்தால் பலன் உண்டா? சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குச் சிங்களம் பேசுவேன். நீதிபதிக்கு முன்னால் அது போதாது. தமிழில் எதையாவது கொடுக்க முடியுமா?

மட்டக்குளிக்காரன்

அக்கா, விட்டுவிடுங்கள். எங்கள் அப்பா ஒரு மதில் பிரச்சினைக்காகப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கியதை நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து பார்த்தவன். தவணை, தவணை, மறுபடியும் தவணை. கடைசியில் மதிலும் பழசாகி விழுந்துவிட்டது. 290,000 பெரிய தொகைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதருடன் இன்னும் மூன்று நான்கு வருடம் மனத்தில் குடும்பம் நடத்தப் போகிறீர்களா? பொலிஸுக்கும் போகாதீர்கள். கடன் வசூலிப்பது அவர்கள் வேலை அல்ல என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

பழைய பதிவறை

மட்டக்குளித் தம்பி பொலிஸைப் பற்றிச் சொன்னது சரி. மதில் வழக்கையும் இதையும் ஒன்றாக்கக்கூடாது. காணி, எல்லை என்று வந்தால் நில அளவையாளர், ஆணைக்கடிதம், வரைபடம் என்று வழக்கு நீளும். இது வெறும் பணக் கோரிக்கை.

ரீச்சர், முடியும். நான் சட்டத்தரணி அல்ல. நீதிமன்றப் பதிவறையில் வழக்குக் கோவைகளோடு வேலை செய்து ஓய்வுபெற்றவன். வழக்காளி தானே முன்னிலையாகலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 24ஆம் பிரிவே சொல்கிறது. அப்படி வந்தவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கையில் கடதாசி ஒழுங்காக இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். வாயை மட்டும் நம்பி வந்தவர்களுடைய கதை வேறு.

ஆனால் இன்றைக்கே நீங்கள் வழக்கை எழுதிக்கொண்டு போனால் நீதிமன்றம் அதை ஏற்காது. நாம் இணக்க சபை என்று சொல்லும் மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டும். 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டம் அது. தொடங்கியபோது, கட்டாயம் அங்கே முதலில் போக வேண்டிய தொகையின் எல்லை 25,000 ரூபாய். 2016இல் அதை ஐந்து இலட்சமாக உயர்த்தினார்கள். உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றக் கதவு திறக்காது. இதை அறியாமல் வழக்குப் போட்டு, எதிராளி தரப்பு எழுந்து "சான்றிதழ் எங்கே?" என்று கேட்ட ஒரே கேள்வியில் வழக்கு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பதிவாளர்கள் பலர் கருமபீடத்திலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்களும் உண்டு.

இணக்க சபைக்குச் சட்டத்தரணி வர முடியாது. உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும்தான். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் தன்னுடைய வாயால்தான் பேச வேண்டும். கீசருக்கு 60,000 என்று எழுதுவது சுலபம். மூன்று மத்தியஸ்தர்களுக்கு முன்னால், எதிரில் நீங்கள் உட்கார்ந்திருக்க, அதைச் சொல்லிக் காட்டட்டும் பார்க்கலாம்.

தகராறு நடந்த இடம் வெள்ளவத்தை என்பதால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று சொல்வார்கள். விண்ணப்பம் சபையின் தவிசாளருக்கு. இரு பக்கத்தாரின் பெயரும் முகவரியும், என்ன தகராறு, எவ்வளவு தொகை; அவ்வளவு போதும். அதற்கு முன் வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். இன்ன திகதியில் இவ்வளவு கொடுத்தேன், இன்ன திகதியில் சாவி ஒப்படைத்தேன், மிகுதி 290,000 ரூபாயைப் பதினான்கு நாட்களுக்குள் தராவிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்பேன். கோபம் ஒரு சொல்லில்கூட வேண்டாம். கடிதத்தின் பிரதியும் தபால் கந்தோர் பற்றுச்சீட்டும் உங்கள் கோவையில் முதல் ஆவணங்களாக இருக்கட்டும்.

தனி நீதிமன்றம் பற்றிக் கேட்டீர்கள். 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொடுத்த குடியியல் எல்லை 1,500 ரூபாய். அன்றைக்கு அது பணம். இன்று காலி வீதியில் ஒரு புரியாணிப் பார்சல். அதனால் அந்த வழி வெகுகாலமாகச் செத்துக் கிடந்தது. சின்னத் தொகைக்கும் மாவட்ட நீதிமன்றம்தான் என்று ஆனது. 2022இல் சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கான நடவடிக்கைமுறைச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சான்றிதழ் கைக்கு வந்ததும் புதுக்கடையில் பதிவாளரிடம் அதைக் காட்டி, "இந்தத் தொகைக்கு எங்கே பதிய வேண்டும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு இல்லை. வாசலில் கறுப்புக் கோட்டோடு நின்று "என்ன வழக்கு மிஸ்?" என்று கேட்பவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள்.

தெஹிவளை தர்மு

நான் போன வருடம் ஒரு இணக்க சபைக்குப் போய் வந்தவன். என்னுடையது மோட்டார் சைக்கிள் திருத்திய காசு. ஐயா சொன்னதற்கு மேல் ஒரு விடயம் சொல்கிறேன்.

சபை ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடசாலையில் கூடியது. மூன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. எனக்கு எதிரே என் பணத்தை விழுங்கிய ஆள், அவருக்கும் அதே குட்டி வாங்கு. கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து உறுமியவர் அந்த வாங்கில் குரலே எழாமல் இருந்தார். உண்மையில் எனக்குப் பாதி வேலையை அந்த வாங்கு செய்தது.

முக்கியமானது இதுதான்: மத்தியஸ்தர்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டி ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். எதிர்த் தரப்பும் ஒருவரைத் தெரிவு செய்யும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். பெரும்பாலானோர் பட்டியலைப் பார்க்காமலே விரலை வைத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்த்து, தமிழ் பேசக்கூடிய ஒருவரை எடுங்கள். எனக்கு ஓய்வுபெற்ற ஓர் அதிபர் கிடைத்தார். நான் தமிழில் சொன்னதை மற்ற இருவருக்கும் அவரே சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். அதுவும் என்னைவிட அழகாக.

என் காசில் முக்கால் பங்கு இரண்டு தவணையாக வந்தது. முழுவதும் கேட்டு அடம்பிடித்திருக்கலாம். எனக்கு அந்த நேரம் வேறு செலவு இருந்தது.

கணக்கு ரீச்சர்

இருவருக்கும் நன்றி. மட்டக்குளித் தம்பி, மனத்தில் குடும்பம் நடத்துவதைப் பற்றி நீங்கள் சொன்னதை என் கணவரும் சொன்னார். ஆனால் கூட்டல் தெரியாத ஒருவரிடம் கணக்கில் தோற்க என்னால் முடியாது.

ஐயா, இன்னும் சில சந்தேகம். கையில் கொடுத்த 90,000ஐ அவர் இல்லையென்று சொன்னால்? நொத்தாரிசு முன் எழுதாத ஒப்பந்தம் செல்லுமா? சபையில் "ஒன்றரை இலட்சத்துக்கு முடிப்போம்" என்று நான் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டால் அதைப் பின்னால் நீதிமன்றத்தில் எனக்கு எதிராகப் பிடிப்பார்களா? அவர் வராமலே விட்டால்? நீதிமன்றத்தில் தமிழ் என்ன பாடு?

பழைய பதிவறை

ஒவ்வொன்றாக வருகிறேன்.

90,000: ஒப்பந்தத்தை எடுத்து, அட்வான்ஸ் பற்றிய பந்தியை விரல் வைத்து வாசியுங்கள். தரகர்மார் தட்டச்சுச் செய்யும் படிவத்தில் வழக்கமாக "390,000 ரூபாயை வீட்டுச் சொந்தக்காரர் இத்தால் பெற்றுக்கொண்டார்" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். இருந்தால், அவர் கையெழுத்திட்ட அந்த வரியே உங்களுக்குப் பற்றுச்சீட்டு. இல்லாவிட்டாலும் அவர் அனுப்பிய பட்டியல் இருக்கிறது. ஒரு இலட்சத்தைத் திருப்பித் தந்துவிட்டு மிகுதி 290,000க்குக் கணக்குக் காட்டுகிறவர், மொத்தம் 390,000 பெற்றதைத் தானே ஒப்புக்கொள்கிறார். கூட்டல் பிழைத்ததும் உங்களுக்கு நல்லதுதான். 290,000 என்ற விடையை முதலில் எழுதிவிட்டு மேலே செலவுகளை நிரப்பியிருக்கிறார் என்று எந்த மத்தியஸ்தருக்கும் விளங்கும். அந்தச் செய்தி இருக்கும் தொலைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். இலத்திரனியல் ஆவணங்களைச் சான்றாக ஏற்க 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் அச்சுப் பிரதியோடு மூலமும் கையில் இருக்க வேண்டும். தங்கைக்கு அனுப்பிய தரை ஓட்டுப் படத்துக்கும் இதே கதைதான். அவருடைய தொலைபேசியிலும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நொத்தாரிசு: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டுக்காரரின் சட்டத்தரணி இதைத் தூக்கிப் பிடிக்கக்கூடும். நீங்கள் கேட்பது வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை அல்ல, கொடுத்த பணத்தை. வழக்கு அந்தப் புள்ளிக்கு வந்தால் மட்டும் ஒருமுறை காசு கொடுத்து ஒரு சட்டத்தரணியின் கருத்தைக் கேளுங்கள். முழு வழக்கையும் ஒப்படைப்பது வேறு, ஒரு கேள்விக்கு விடை வாங்குவது வேறு. புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது; வருமானம் பார்த்துத்தான் வழக்குப் பேசுவார்கள்.

பேரம்: சபையில் சொன்னதை நீதிமன்றத்தில் சான்றாகக் கொண்டுவர முடியாது. அதனால் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் உங்கள் மனத்தில் ஒரு அடிவிலை இருக்கட்டும். இரண்டு வருடம் குடியிருந்தால் சுவர் மங்கும். அது சாதாரணத் தேய்மானம், வாடகையில் அடங்கியது. அலுமாரிக் கதவை உங்கள் பிள்ளைகள் உடைத்திருந்தால் அதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். நியாயமான ஒன்றை விட்டுக்கொடுத்தவர் மற்றவற்றில் சொல்வதை அந்த மூன்று பேரும் காது கொடுத்துக் கேட்பார்கள். பெயின்ட்காரரின் பற்றுச்சீட்டைக் கேட்க மறக்க வேண்டாம். அடிக்காத பெயின்டுக்கு 120,000 எழுதியவர்களை நான் அறிவேன். இணக்கம் வந்தால் எத்தனை தவணை, எந்தத் திகதி, எந்த வங்கிக் கணக்கு என்று எழுத்தில் வரட்டும். "வசதிப்படி தருவேன்" என்ற வரிக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

அவர் வராவிட்டால் சபை சான்றிதழைத் தந்துவிடும். நீதிமன்ற அழைப்பாணைக்கும் வராவிட்டால், உங்கள் பக்கத்தை மட்டும் கேட்டு ஒருதலைத் தீர்ப்பு வரலாம். தீர்ப்பாணையை அவருக்குச் சேர்ப்பிப்பார்கள். அதிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் வந்து, வராததற்குத் தக்க காரணம் காட்டினால் வழக்கு மறுபடி திறக்கும். காட்டாவிட்டால் தீர்ப்பு நிற்கும். அதை நிறைவேற்றப் பத்து வருடம் வரை காலம் உண்டு. நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அதிகாரியான பிஸ்கால் மூலம் சொத்தைக் கைப்பற்றக் கேட்கலாம். வீட்டுக்காரர் சொத்துள்ளவர். அவருடைய வீடு எங்கேயும் ஓடப்போவதில்லை. கடனாளி ஊரைவிட்டே மறைந்த வழக்குகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், உங்களுக்கு இது பெரிய அனுகூலம்.

நீதிமன்றத்தில் கொடுக்கும் வழக்குரையைச் சுருக்கமாக எழுதுங்கள். யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு, எந்த இடத்தில் வழக்குக்கான காரணம் எழுந்தது, என்ன நிவாரணம் கேட்கிறீர்கள். வீட்டுக்காரரின் குணநலன், மருமகனின் குடிப்பழக்கம், மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றியது எல்லாம் எழுதிப் பதினொரு பக்கத்தில் கொண்டுவந்த ஒருவரின் கோவையில், கேட்கும் தொகை எங்கே இருக்கிறது என்று எழுதுவினைஞர் தேடிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

இனித் தமிழ். கொழும்பு நீதிமன்றங்களில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்கைத் தொடங்கவும் ஆவணங்களைக் கொடுக்கவும் சிங்களம் அல்லது தமிழ் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நீதிமன்றத்தில் நடப்பது விளங்காதவருக்கு உரைபெயர்ப்பை அரசு தர வேண்டும் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. 1988இல் பதினாறாவது திருத்தத்தோடு இப்போதைய வடிவத்துக்கு வந்தது. கருமபீடத்தில் "சிங்களத்தில் கொண்டு வாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய வசதி, சட்டம் அல்ல. சண்டை பிடிக்காதீர்கள். 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் தாக்கல் செய்கிறேன், உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று வழக்கோடு சேர்த்தே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுத்தில் வந்தால் அது கோவையில் ஏறும். கோவையில் ஏறியதை நீதிபதி பார்ப்பார். தமிழ் தெரிந்த முதலியார் (நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்) அன்றைக்கு இல்லையென்று ஒரு தவணை பின்னால் போகலாம், அதற்கு ஆயத்தமாக இருங்கள். அவசரத்தில் அரைகுறைச் சிங்களத்தில் சாட்சி சொல்லி, "ஆம்" என்று தலையாட்டக் கூடாத இடத்தில் தலையாட்டியவர்கள் நம் ஆட்களில் ஏராளம்.

கொட்டாஞ்சேனை அலுமினியம்

ரீச்சரின் திரியில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஐயா, நான் அலுமினியம் பார்ட்டிஷன் வேலை செய்பவன். ஒரு அலுவலகத்துக்கு வேலை முடித்துக் கொடுத்து 180,000 ரூபாய் பாக்கி. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வாய்ப் பேச்சுத்தான். முதலாளி நல்ல மாதிரி, "அடுத்த மாதம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பத்து மாதத்துக்குக் கிட்ட வருகிறது. முகம் முறிக்க வேண்டாம் என்று பொறுத்திருக்கிறேன். எனக்கும் இதே வழிதானா?

பழைய பதிவறை

தம்பி, உங்களுடையது ரீச்சருடையதைவிட அவசரம். வழக்குப் போடும் உரிமை காலாவதியாவது பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். ஆனால் செய்த வேலைக்கான கூலி, விற்ற பொருளின் விலை, கடைப் பற்று ஆகியவற்றுக்கு ஒரே வருடம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். "அடுத்த மாதம்" என்று அவர் வாயால் சொல்வது அந்தக் கணக்கை நிறுத்தாது. ஒப்புதல் எழுத்தில் இருந்து அவருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும்.

முகம் முறியாமல் செய்ய ஒரு வழி: நாளைக்கே பாக்கி விபரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "கணக்கு முடிப்பதற்காக, 180,000 பாக்கி என்று ஒரு கையெழுத்து வையுங்கள் முதலாளி" என்று கேளுங்கள். நல்ல மனிதர் வைப்பார். வைக்க மறுத்தால் வாசலைத் தாண்டியதும் நேரே பிரதேச செயலகம் போய் இணக்க சபை விண்ணப்பத்தைக் கேளுங்கள். வேலை முடித்துக் கொடுத்த திகதி எது? பில் கொடுத்தீர்களா, கொடுத்தால் அதில் என்ன திகதி போட்டிருக்கிறது?